சிறுவர் குடியரசை அமைத்த வைத்தியர்

ஜனநாயகம் என்றால் என்ன என்ற வினாவுக்கு ஐந்து புள்ளிகளில் விடையெழுத எம்மில் பலருக்குத் தெரியும். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் நானும் அப்படித்தான் எழுதி வருகிறேன். 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் யாப்பின் மூலம் எமது நாட்டில் ஆண், பெண் இரு பாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது என்பதும் மனப்பாடம். அடுத்த வருடம் எனக்குப் பதினெட்டு வயது பூர்த்தியாகும். வாக்காளர் இடாப்பில் என் பெயரும் இடம்பெறும்.

ஆனால் வாக்களிப்பது ஒரு நாள் வேலை. மற்றவரின் பக்கத்தைக் கேட்பது, தோற்றாலும் முடிவை மதிப்பது, பலமுள்ளவர் செய்தாலும் பிழையைப் பிழை என்று சொல்வது போன்றவற்றை எந்தப் பாடவேளையில் கற்றுக்கொள்வது? நூறு வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவில் ஒருவர் இவற்றை அனாதைச் சிறுவர்களுக்குப் பாடப்புத்தகம் எதுவுமின்றிக் கற்பித்தார். அவர் பெயர் யானுஷ் கோர்ச்சாக். அவர் வாழ்ந்த கதையையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

போலந்தின் வார்சோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். பிறந்த ஆண்டு 1878 என்றும் 1879 என்றும் இரு விதமாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தரணியான அவரது தந்தை உரிய காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டதே அதற்குக் காரணம். அக்காலத்தில் வார்சோ ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் போலிஷ் மொழி. பாடசாலையிலோ ரஷ்ய மொழி. மாணவர்களுக்குப் பிரம்படி சாதாரணமாகக் கிடைத்தது.

ஐந்து வயதில் அவர் ஆசையாக வளர்த்த கனாரிக் குருவி இறந்து போனது. அதை முற்றத்தில் புதைத்து மேலே ஒரு சிலுவை நட நினைத்தார். வீட்டுப் பணிப்பெண் அது பெரிய பாவம் என்று தடுத்தார். வாயிற்காவலாளியின் மகனோ அந்தக் குருவியும் ஒரு யூதக் குருவிதான் என்று சொன்னான். தான் மற்றவர்களிலிருந்து வேறானவன் என்பதை அந்தச் சிறுவன் அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தான். பல தசாப்தங்களின் பின் எழுதிய நாட்குறிப்பிலும் இந்தச் சம்பவத்தை அவர் குறித்து வைத்திருக்கிறார். ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழும் எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குப் பதினொரு வயதளவில் தந்தைக்கு மனநோய் ஏற்பட்டது. வசதியாக வாழ்ந்த குடும்பம் படிப்படியாக வறுமையில் வீழ்ந்தது. 1896இல் தந்தை காலமானார். பாடசாலை மாணவனாக இருக்கும்போதே வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தாயையும் சகோதரியையும் காப்பாற்ற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. 1898இல் ஓர் இலக்கியப் போட்டிக்கு நாடகம் அனுப்பியபோது போலிஷ் நாவலொன்றின் கதாபாத்திரத்தின் பெயரைத் தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்தப் பெயரே வரலாற்றில் நிலைத்தது.

வார்சோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று வைத்தியரான அவர், சிறுவர் வைத்தியசாலையொன்றில் சுமார் ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். எழுத்தாளராகவும் பெயர் பெற்றிருந்ததால் செல்வந்தர்கள் பலர் தம் பிள்ளைகளுக்கு அவரையே அழைத்தனர். அவர்களிடம் கூடுதலாகக் கட்டணம் பெற்று, ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தார். ஆனாலும் மருந்தால் மட்டும் தீராத ஒன்று அவரது மனதை அரித்தது. காய்ச்சல் குணமான பிள்ளை மீண்டும் அதே பசிக்கும் அதே அடிக்கும் அதே அவமதிப்புக்கும்தானே திரும்பிப் போகிறது? பிள்ளைகளை யாரும் மனிதராக மதிப்பதில்லை என்பதே அவர் கண்டுபிடித்த நோய்.

அந்நாட்களில் ஏழைச் சிறுவர்களுக்கான கோடைகால முகாம்களுக்கு அவர் பொறுப்பாளராகச் சென்றார். எல்லாவற்றையும் திட்டமிட்டு, இனிமையாகப் பேசினால் போதும் என்று நம்பிச் சென்றவருக்குக் கூச்சலும் குழப்பமுமே மிஞ்சின. அந்த அனுபவத்திலிருந்து ஒரு பாடத்தைப் பெற்றார். பிள்ளைகளுக்குப் பேசுவது வேறு, பிள்ளைகளோடு பேசுவது வேறு. முன்னையது கட்டளை, பின்னையது கலந்தாலோசனை. இந்த வித்தியாசத்தின் மீதுதான் பிற்காலத்தில் தனது முழு வேலையையும் கட்டியெழுப்பினார்.

1912ஆம் ஆண்டு வார்சோவில் குரோச்மால்னா வீதி 92ஆம் இலக்கத்தில் யூத அனாதைகளுக்கான புதிய இல்லம் திறக்கப்பட்டது. ஏழு வயது தொடக்கம் பதினான்கு வயது வரையான சுமார் நூறு சிறுவர் சிறுமியர் அங்கு வாழ்ந்தனர். வைத்தியசாலை வேலையை விட்டுவிட்டு கோர்ச்சாக் அதன் பொறுப்பை ஏற்றார். அவரோடு தோள் கொடுத்தவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி. பெல்ஜியத்தில் விஞ்ஞானம் கற்றுத் திரும்பிய அவர், தனது வாழ்நாளை அந்த இல்லத்துக்கே கொடுத்தார். கோர்ச்சாக்கின் பெயரை உலகம் அறிந்த அளவுக்கு ஸ்டெஃபாவின் பெயரை அறியவில்லை. ஆனால் முதலாம் உலக யுத்தத்தில் கோர்ச்சாக் இராணுவ வைத்தியராக அனுப்பப்பட்ட காலத்தில் அந்த இல்லத்தைத் தனியாகத் தாங்கி நின்றவர் அவரே. மகளிர் கல்லூரிச் சஞ்சிகை ஒன்றில் எழுதும் நான் அவரைக் கடந்து செல்வது முறையாகாது.

புதிய கட்டடம், புதிய ஒழுங்கு என்பதனால் எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் வருடம் மிகக் கடினமாக இருந்தது. பழைய நெரிசலான விடுதியின் பழக்கங்களோடு வந்த பிள்ளைகள் புதிய விதிகளை எதிர்த்தனர். மேலிருந்து விதித்தால் அடிபணிவு மட்டுமே வரும், பிள்ளைகளும் சேர்ந்து ஆக்கினால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்பது அவருக்குத் தெளிவானது.

இல்லத்தில் வேலைகள் அனைத்தும் பிள்ளைகளிடையே பகிரப்பட்டன. கூட்டுவது, துடைப்பது, மேசை ஒழுங்கு செய்வது, சிறியவர்களைப் பார்ப்பது என ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. விளக்குமாறும் அங்கு மரியாதைக்குரிய பொருள். புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளையொருவர் மூன்று மாதங்களுக்குப் பாதுகாவலராக இருப்பார். சிறுவர்களின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் ஓர் அறிவித்தல் பலகை தொங்கியது. ஒரு கடிதப் பெட்டியும் இருந்தது. கேட்க வெட்கமானதை, சொல்லப் பயமானதை எழுதி அதில் போடலாம். எழுதும்போது பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது, கோபம் தணிகிறது, கேட்க வந்தது அவசியமா என்று தானே முடிவு செய்யவும் முடிகிறது.

இவை எல்லாவற்றையும் விட என்னை வியக்க வைத்தது சிறுவர் நீதிமன்றம். யாராவது ஒருவர் தனக்கு அநியாயம் செய்ததாகக் கருதினால், பிள்ளை பலகையில் தன் பெயரையும் எதிராளியின் பெயரையும் எழுதி வழக்குத் தொடரலாம். விரும்பினால் தன் மீதே வழக்குப் போடலாம். வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நீதிபதிகள் அமர்வார்கள். அந்த வாரத்தில் தம் மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி அவர்கள் தெரிவு செய்யப்படுவர். கெட்டிக்காரப் பிள்ளை, ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை என்ற பேதம் அதில் இல்லை.

அந்த நீதிமன்றத்துக்கு ஒரு சட்டக்கோவை இருந்தது. அதன் இலக்கங்கள் 1இலிருந்து 1000 வரை சென்றன. ஆனால் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் மன்னிப்புக்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் உரியவை. தெரியாமல் செய்தவர், அறிந்தும் பழக்கத்தை விட முடியாதவர், வருந்துபவர் என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பிரிவு. நூறாவது பிரிவில்தான் மன்னிப்பு நிற்கிறது. அதற்கு மேல் நூறு நூறாகக் கடுமை கூடும். 500ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவரின் பெயர் இல்லத்தின் பத்திரிகையில் வெளிவரும். 1000ஆம் பிரிவு இல்லத்திலிருந்து நீக்குவது. அடிப்பதும் பட்டினி போடுவதும் எந்தப் பிரிவிலும் இல்லை. தவறு செய்தவர் திருந்துவார் என்று காத்திருப்பதே முதல் கடமை என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதேவேளை, அடக்கமான பிள்ளையை முரட்டுப் பிள்ளை தொல்லைப்படுத்தாமல் பாதுகாப்பதும் நீதிமன்றத்தின் கடமை.

பெரியவர்களும் இந்த நீதிமன்றத்துக்கு விதிவிலக்கல்லர். அரை வருட காலத்தில் கோர்ச்சாக் மீதே ஐந்து வழக்குகள் தொடரப்பட்டன. ஒரு பையனின் காதில் அறைந்தது, ஒரு சிறுமி திருடியதாகச் சந்தேகித்தது என்பன அவற்றுள் சில. வைத்தியர், எழுத்தாளர், இல்லத்தின் தலைவர், அவர் பன்னிரண்டு வயது நீதிபதிகளின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்! ஆசிரியரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியுமா? அந்த வழக்குகள் தன்னை நேர்மையான ஆசிரியனாக்கின என்று அவர் கருதினார்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. சில பிள்ளைகள் நீதிமன்றத்தைக் கேலி செய்தனர். சின்னச் சின்ன விடயங்களுக்கெல்லாம் வழக்குப் போட்டனர். தீர்ப்பை மதிக்காதவர்களும் இருந்தனர். ஒரு கட்டத்தில் சில வாரங்களுக்கு நீதிமன்றத்தை நிறுத்தியே வைத்தார். பின்னர் குறைகளைத் திருத்தி மீண்டும் ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு ஜனநாயகம் சரிவராது என்று சொல்லிக் கைவிட அது நல்ல சந்தர்ப்பம். அவர் கைவிடவில்லை.

நீதிமன்றத்தின் பின் பாராளுமன்றம் வந்தது. வாக்களிப்பின் மூலம் தெரிவான இருபது உறுப்பினர்கள் அதில் அமர்ந்தனர். இல்லத்தின் விதிகளை ஏற்பது, மறுப்பது, விசேட தினங்களைத் தீர்மானிப்பது அவர்களின் வேலை. முதல் பனி விழும் நாள் விளையாட்டு நாளானது. பகல் மிகக் குறுகிய டிசம்பர் 22ஆம் திகதி விரும்பியவர் எழும்பாமல் படுத்திருக்கலாம். இரவு மிகக் குறுகிய ஜூன் 22ஆம் திகதி விரும்பியவர் தூங்காமல் விழித்திருக்கலாம். வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் தான் கையுயர்த்தி ஆக்கிய சட்டம் தன் வாழ்வில் நடைமுறைக்கு வருவதைக் காணும் பிள்ளை, சட்டம் என்பது யாரோ தூரத்தில் இருந்து எழுதுவதல்ல என்று புரிந்துகொள்கிறது.

1919இல் மரினா ஃபால்ஸ்கா என்ற பெண்மணியோடு சேர்ந்து போலிஷ் பிள்ளைகளுக்கான 'எங்கள் வீடு' என்ற இல்லத்தையும் அவர் ஆரம்பித்தார். யூதப் பிள்ளைகளின் இல்லத்தில் இருந்த அதே சுயாட்சி முறை அங்கும் நடைமுறைக்கு வந்தது. மதம் வேறாக இருந்தாலும் நீதி கேட்கும் உரிமை ஒன்றுதானே.

1926ஆம் ஆண்டு ஒரு நாளிதழின் வாராந்த இணைப்பாகச் சிறுவர் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். பெரியவர்கள் சிறுவர்களுக்காக எழுதும் பத்திரிகை அல்ல அது. சிறுவர்களே எழுதிய பத்திரிகை. நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் கடிதங்கள் அனுப்பினார்கள். வீட்டுப் பிரச்சினை, பாடசாலைப் பிரச்சினை, தெருவில் கண்ட அநியாயம் எல்லாம் அதில் அச்சேறின. 1939இல் யுத்தம் வரும்வரை அது வெளிவந்தது. வானொலியிலும் முதிய வைத்தியர் என்ற பெயரில் பேசினார். யூதர் என்பதனால் அவரது சொந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை. யூத வெறுப்பு வளர்ந்தபோது அந்த நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டது.

அவர் எழுதிய கதைகளில் 1923இல் வெளிவந்த 'அரசர் முதலாம் மாட்' புகழ்பெற்றது. சிறு வயதில் அரசனாகும் மாட், பிள்ளைகளுக்குப் பாராளுமன்றம் அமைத்து அதிகாரத்தைக் கொடுக்கிறான். பிள்ளைகள் பெரியவர்களின் வேலைகளை எடுத்துக்கொள்ள, பெரியவர்கள் பாடசாலைக்குப் போகிறார்கள். நாடு குழம்புகிறது. இறுதியில் யுத்தத்தில் தோற்று மாட் தனித்தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். சிறுவர் பாராளுமன்றம் கண்ட ஒருவர் ஏன் அதன் தோல்வியைக் கதையாக எழுதினார் என்று நான் யோசித்திருக்கிறேன். அதிகாரத்தை ஒரே நாளில் கையில் கொடுத்தால் போதாது, அதைப் பயன்படுத்தச் சிறிது சிறிதாகப் பழக வேண்டும் என்பதையே அவர் சொல்ல வந்தார் என்று எனக்குப் படுகிறது. இல்லத்தில் பிள்ளைகள் பெற்ற பயிற்சி மாட்டின் நாட்டில் யாருக்கும் கிடைக்கவில்லை.

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படைகள் போலந்தில் நுழைந்தன. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், வெளிநாட்டில் பாதுகாப்பாக இருந்த ஸ்டெஃபா பிள்ளைகளைத் தேடித் திரும்பி வந்திருந்தார். 1940 நவம்பரில் வார்சோவின் யூதர்கள் மதிலால் சூழப்பட்ட பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். இல்லமும் தன் கட்டடத்தை விட்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளுக்குரிய உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது. முறையிடச் சென்ற கோர்ச்சாக், யூதர் அணிய வேண்டிய கைப்பட்டியை அணிய மறுத்ததற்காகச் சிறையிடப்பட்டார். வெளியே வந்தபின், நோயுற்ற உடலோடு தினமும் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்கு உணவு சேகரித்தார். இல்லத்தில் பிள்ளைகளின் தொகை இருநூறளவில் உயர்ந்தது. வெளியே வீதிகளில் பசியால் மக்கள் இறந்துகொண்டிருந்தார்கள். உள்ளே கடமைகள் பகிரப்பட்டன. பாடங்கள் நடந்தன. சிறுவர் நீதிமன்றமும் நடந்தது. நீதியே இல்லாத ஒரு நகரத்தில் அந்த ஒரு வீட்டுக்குள் நீதி இருந்தது.

1942 ஜூலை 18ஆம் திகதி பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது எமது பகுதியைச் சேர்ந்த மகாகவி தாகூரின் 'தபால் நிலையம்'. 1934இல் இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டியவரும் அதே தாகூர்தான். நோயுற்று அறைக்குள் அடைபட்ட அமல் என்ற சிறுவன் யன்னலருகே அமர்ந்து அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை அது. மரணத்தைப் பயமின்றி ஏற்கப் பிள்ளைகளைத் தயார்படுத்தவே கோர்ச்சாக் அதைத் தெரிவு செய்தார் என்பர்.

நான்கு நாட்களின் பின் மதிலுக்குள் இருந்தவர்களைக் கொலை முகாமுக்கு அனுப்பும் வேலை ஆரம்பமானது. ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிச் செல்ல அவருக்கு முன்னரே வாய்ப்புகள் வந்தன. அவற்றை மறுத்துவிட்டார். கோர்ச்சாக், ஸ்டெஃபா, ஏனைய பணியாளர்கள், இருநூறளவான பிள்ளைகள் அனைவரும் வரிசையாக நகர வீதிகளினூடே நடந்து புகையிரதத்தில் ஏற்றப்பட்டு ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அப்படியானால் அவர் கற்பித்தது எல்லாம் வீண்தானா? இந்தக் கேள்வி என்னை நீண்ட நாட்கள் விடவில்லை. யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. ஹிட்லர் 1933இல் பதவிக்கு வந்தது சட்டப்படிதான். ஜேர்மனியில் தேர்தல் இருந்தது, வாக்குரிமை இருந்தது, பாராளுமன்றமும் இருந்தது. பலவீனமானவருக்கு அநியாயம் நடக்கும்போது எழுந்து நின்று கேட்கும் பழக்கம்தான் போதாமல் இருந்தது. வாக்குச்சீட்டு மட்டும் ஜனநாயகத்தைக் காப்பாற்றாது. மிகச் சிறிய பிள்ளை மிகப் பெரிய மனிதர் மீது வழக்குத் தொடரலாம் என்ற குரோச்மால்னா வீதி வீட்டின் விதியே ஜனநாயகத்தின் உயிர். அந்தச் சிறு வீடு தோற்கவில்லை. அதைச் சூழ்ந்திருந்த பெரியவர்களின் உலகமே தோற்றது.

சிறுவர் உரிமைகளுக்கான சமவாயத்தை முதலில் முன்மொழிந்த நாடு, கோர்ச்சாக் பிறந்த போலந்து. 1989 நவம்பர் 20ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றுக்கொண்டது. 1991இல் இலங்கையும் அதை ஏற்றது. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்து மதிக்கப்படவும் பிள்ளைகளுக்கு உள்ள உரிமையை அதன் 12ஆவது உறுப்புரை சொல்கிறது.

இன்று எமது பாடசாலைகளிலும் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வேட்புமனு, வாக்குப்பெட்டி, சபாநாயகர் எல்லாம் உண்டு. தெரிவானவர்கள் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்க வேண்டும், விளையாட்டு மைதானத்தைச் சிறிய வகுப்புகள் எப்போது பயன்படுத்தலாம், சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் போன்ற சிறிய விடயங்களிலாவது அவர்களின் முடிவு நடைமுறைக்கு வரவேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையை வகுப்புக் கூட்டத்துக்கு ஒதுக்கலாம். ஒரு கடிதப் பெட்டி வைக்கலாம். குடியுரிமைக் கல்விப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை வாசித்துப் பாடமாக்குவதற்குப் பதிலாக வகுப்பிலே நடத்திப் பார்க்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பெரியவர்களின் பொறுமைதான் வேண்டும்.

மாணவிகளாகிய எமக்கும் இதில் பங்குண்டு. கேட்க உரிமை வேண்டுமென்றால் கேட்கப்படவும் தயாராக வேண்டும். கூட்டித் துடைக்கும் கடமையைத் தட்டிக்கழித்துவிட்டுச் சட்டம் ஆக்கும் கதிரையை மட்டும் கேட்க முடியாது. மாணவத் தலைவியர் தம்மைவிடச் சிறிய வகுப்புப் பிள்ளையிடம் பேசும்போது, அந்தப் பிள்ளைக்கும் தம் மீது முறையிட உரிமை உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மஷூரா என்ற சொல் எங்கள் வீடுகளில் நன்கு புழக்கத்தில் உள்ளது. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் திருமண வீட்டிலும் மஷூரா செய்கிறோம். மகள் உயர்தரத்தில் எந்தத் துறையைக் கற்பது என்று தீர்மானிக்கும்போது அந்த மஷூராவில் மகளுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அவள் சொல்வது எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை. முழுவதையும் கேட்டபின் ஏன் முடியாது என்று காரணம் சொல்லி மறுத்தாலும் பரவாயில்லை. காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளை நாளை நாட்டை ஆள்பவரிடமும் காரணம் கேட்கும்.